யோபின் வாய்மை: துன்பம் குறித்த விவிலிய வழக்கும் தமிழ்ச் சோதனைக் கதைகளும்

ஊத்ஸ் நாட்டு யோபின் கதை, முதன்முறை படிக்கும் தமிழ் வாசகருக்கும் முன்பே கேட்ட கதைபோல ஒலிக்கும். வானுலகில் ஓர் அவை கூடுகிறது. மண்ணுலகில் வாழும் ஒரு நல்லவனைப் பற்றி அங்கே வாதம் எழுகிறது. அவன் அறியாமலேயே அவனைச் சோதிக்க முடிவாகிறது. செல்வம், மக்கள், உடல்நலம் என ஒவ்வொன்றாய் அவன் இழக்கிறான். இறுதியில் எல்லாம் மீள்கிறது. இந்திரன் அவையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் சூளுரைத்து மோதியதால் நாடிழந்து, மனைவியையும் மகனையும் விற்று, காசிச் சுடலையில் காவல் நின்ற அரிச்சந்திரனின் கதையும் இதே அமைப்பில் இயங்குகிறது. வீரகவிராயரின் அரிச்சந்திர புராணமாகவும், தெருக்கூத்தாகவும், மேடை நாடகமாகவும் தமிழர் நெஞ்சில் ஆழப் பதிந்த கதை அது. இலங்கைத் தமிழரான முத்துக்குமாரசுவாமி 1863இல் இலண்டனில் இக்கதையின் தமிழ் நாடக வடிவத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அரிச்சந்திரனை வாய்மைக்கு உயிர்ச்சான்று பகர்ந்த இரத்தசாட்சியாகத் தலைப்பிலேயே அறிமுகப்படுத்தினார். கிறித்தவத் திருச்சபையின் சொல்லொன்றை இந்து அரசனுக்குச் சூட்டிய அத்தலைப்பு, இரு கதைகளும் ஒன்றையொன்று அழைப்பதை முன்னரே உணர்ந்திருந்தது.

ஆனால் இந்த ஒப்புமை யோபு நூலைப் புரிந்துகொள்ள எந்த அளவு உதவியதோ, அந்த அளவு அதை மறைத்தும் விட்டது. அரிச்சந்திரனின் அசையாப் பொறுமையை யோபின்மீது ஏற்றிப் படிக்கும் பழக்கத்தால், நூலின் பெரும்பகுதி வாசகர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. நாற்பத்திரண்டு அதிகாரங்களில் முதல் இரண்டும் கடைசி அதிகாரத்தின் பிற்பகுதியும் மட்டுமே உரைநடைக் கதை. இடையிலுள்ளது முழுவதும் செய்யுள் வடிவிலான வாதம். கதையில் வரும் யோபு பொறுமைசாலி. செய்யுளில் வரும் யோபு தன் பிறந்த நாளைச் சபிக்கிறார், கடவுளை வழக்குக்கு அழைக்கிறார், தேற்ற வந்தவர்களைப் பொய்யர் என்கிறார். யாக்கோபின் நிருபம் யோபின் பொறுமையை எடுத்துக்காட்டிய காலம்முதல் மறையுரைகள் கதையையே பெரிதும் பேசி வந்திருக்கின்றன. கடவுள் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார் என்னும் வினாவுக்குக் கிறித்தவ மரபு என்ன சொல்கிறது என்பதை அறிய, வாதத்திற்கே சென்றாக வேண்டும். தமிழ் இலக்கியத்தின் வேறு சில குரல்கள் அதற்கு அரிச்சந்திரனைவிடக் கூடுதலாகத் துணைபுரியும்.

ஒரு சொல் இரண்டான கதை

நூலின் தொடக்கத்தில் சாத்தான் எழுப்பும் வினா நுட்பமானது. எபிரேய மூலத்தில் இப்பெயர் இங்கே சுட்டிடைச்சொல்லோடு வருகிறது; அது இயற்பெயராக அன்றி, 'குற்றஞ்சாட்டுபவன்' என்னும் பதவிப் பெயராக நிற்கிறது. யோபு நல்லவர் என்பதை அவன் மறுக்கவில்லை. அந்த நன்மை எதற்காக என்றே கேட்கிறான். வேலியடைத்துக் காக்கப்பட்டவன், கைம்மாறு பெறுபவன் கடவுளுக்கு அஞ்சுவதில் வியப்பென்ன? 'ஹின்னாம்' என்பது அவன் ஆளும் சொல். கைம்மாறின்றி, காரணமின்றி, வெறுமனே என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். முதற்சோதனை முடிந்து யோபு உறுதியாக நின்றபின், இரண்டாம் அதிகாரத்தில் கடவுளே அச்சொல்லை எடுத்தாள்கிறார்: வெறுமனே அவனை அழிக்கும்படி நீ என்னைத் தூண்டினாய் என்பது அவர் கூற்றின் சாரம். வெறுமனே வழிபடுவானா என்பது குற்றஞ்சாட்டியவன் கேள்வி. வெறுமனே துன்புற்றான் என்பது கடவுளின் வாக்குமூலம். நூலின் முழு எடையும் இந்த ஒரே சொல்லின் இரு தோற்றங்களில் தங்கியிருக்கிறது.

1871ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழிவந்து சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, முதல் இடத்தில் 'விருதா' என்னும் சொல்லையும் இரண்டாம் இடத்தில் 'முகாந்தரமில்லாமல்' என்பதையும் பெய்துள்ளது. தனித்தனியே இரண்டும் பொருத்தமானவை. ஆனால் ஒரே சொல் திரும்பி வரும் அதிர்ச்சி தமிழில் போய்விட்டது. பேச்சுத் தமிழின் 'சும்மா' இரு இடங்களுக்கும் இயல்பாகப் பொருந்தியிருக்கும். சைவ மெய்ஞ்ஞானிகள் அச்சொல்லுக்கு ஏற்றிய கனத்தையும் எண்ணும்போது அது அவ்வளவு எளிய சொல்லும் அன்று. திருமறைக்குரிய நடையின் மாண்பு அதற்கு இடங்கொடுக்கவில்லை.

இவ்விழப்பு மொழியோடு நின்றுவிடுவதில்லை. காரணமற்ற துன்பம் உண்டு என்பதைக் கடவுளே ஒப்புக்கொள்ளும் இடம் அது. அந்த ஒப்புதலைக் கூர்மையாகக் கேட்ட வாசகர், பின்வரும் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் நண்பர்கள் அடுக்கும் காரணங்கள் அனைத்தும் பொய் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பார்.

நண்பர்களின் கணக்கு

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் யோபோடு தரையில் அமர்ந்து ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அவர்கள் செய்த மிகச் சிறந்த செயல் அதுவே. பேசத் தொடங்கியதும் அவர்கள் இறையியல் வெளிப்படுகிறது: கடவுள் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் குற்றமற்றவனைத் தண்டிக்கமாட்டார், யோபு தண்டிக்கப்பட்டிருக்கிறார், ஆகவே யோபு குற்றவாளி. தருக்கம் பழுதற்றது. எலிப்பாஸ் முதலில் மென்மையாகவே குறிப்புக் காட்டுகிறார். பில்தாதோ இறந்த பிள்ளைகள்மீதே பழியைச் சாய்க்கிறார். உனக்குக் கிடைத்தது உன் குற்றத்துக்குக் குறைவான தண்டனையே என்கிறார் சோப்பார். இருபத்திரண்டாம் அதிகாரத்திற்குள் எலிப்பாஸ் குற்றப்பட்டியல் ஒன்றையே படைத்துவிடுகிறார்: வறியவரின் ஆடையை ஈடாகப் பறித்தாய், களைத்தவனுக்குத் தண்ணீர் மறுத்தாய், கைம்பெண்களை வெறுங்கையோடு அனுப்பினாய். எதற்கும் சான்றில்லை. கொள்கைக்குச் சான்று தேவைப்பட்டதால் சான்று பிறந்தது.

தமிழ் வாசகருக்கு இங்கே வினைக்கொள்கை நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. வினைக்கொள்கை கணக்கைப் பல பிறவிகளுக்குப் பரப்புகிறது. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறவியில் பரதனாக அவன் சங்கமன் என்னும் வணிகனுக்கு இழைத்த கொடுமையைக் காரணம் காட்டுகிறது. இப்பிறவிக் கோவலனின்மேல் புதிய குற்றம் எதையும் அது சுமத்த வேண்டியதில்லை. அன்றியும், இளங்கோ அவ்விளக்கத்தைக் கண்ணகியின் வழக்கு முடிந்து, பாண்டியன் தன் பிழையை ஏற்று உயிர்நீத்து, மதுரை எரிந்த பின்னரே வைக்கிறார். வினை உண்மையென்றாலும் அரசன் செய்தது அநீதியே என்னும் தீர்ப்பை அவர் தளர்த்தவில்லை. யோபின் நண்பர்களுக்கு இருப்பது ஒரே பிறவி. கணக்கை இந்த வாழ்வுக்குள்ளேயே நேர்செய்ய வேண்டிய நெருக்கடியால் அவர்கள் துன்புறுபவனிடமே குற்றத்தைத் தேடுகின்றனர், கிடைக்காதபோது புனைகின்றனர்.

கிறித்தவம் தமிழகத்தில் மறுபிறப்பை மறுத்தது. பிறவிக்குருடனைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா இவன் பெற்றோர் செய்த பாவமா என்று கேட்க, இரண்டையும் இயேசு மறுக்கும் யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம் மறுபிறப்பு விவாதங்களில் எடுத்தாளப்படுவதுண்டு. ஆனால் அம்மறுப்பின் கூர்முனை மறுபிறப்பைவிட, துன்பத்திலிருந்து பாவத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிடும் முறையையே குறிபார்க்கிறது. சீலோவாமில் கோபுரம் சரிந்து மாண்ட பதினெண்மர் எருசலேமின் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரமும் அதே முறையை விலக்குகிறது. மறுபிறப்பைக் களைந்துவிட்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்ட சபை, வினைக்கொள்கையைவிடக் கொடிய இடத்தில் வந்து நிற்கிறது. ஏனெனில் அப்போது குற்றத்துக்கு இடம் இந்தப் பிறவி ஒன்றே. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கடல் ஏறியபோது மாண்டவர்களில் திருப்பயணிகளும் குழந்தைகளும் இருந்தனர். அதைத் தண்டனை என்று விளக்கிய குரல்கள் எல்லாச் சமயங்களிலும் எழுந்தன. கிறித்தவரிடையே எழுந்தவை எலிப்பாசின் குரல்கள்.

தமிழ்மொழி இவ்விடத்தில் ஒரு விந்தையான சான்றைத் தருகிறது. துன்புறும் ஒருவரைக் கண்டதும் தமிழர் வாயில் இயல்பாக வரும் சொல் 'பாவம்'. அதே சொல் குற்றத்தையும் குறிக்கிறது. கிறித்தவத் தமிழில் பிந்திய பொருளே நிலைபெற்றது. நண்பர்கள் மூவரும் ஊமையாய் அமர்ந்திருந்த ஏழு நாளும் யோபு அவர்களுக்கு முதற்பொருளில் பாவம். எலிப்பாஸ் வாய்திறந்ததும் பொருள் மாறிவிடுகிறது.

வழக்காடும் மரபு

யோபின் எதிர்ப்புக் குரலுக்குத் தமிழில் உறவினர் இல்லாமல் இல்லை. ஒரு மனையில் சாவுப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கும்படி உலகைப் படைத்தவன் பண்பற்றவன் என்று புறநானூற்று 194ஆம் பாடலில் பக்குடுக்கை நன்கணியார் துணிந்து பழிக்கிறார். இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் இரவச்ச அதிகாரத்தில் சபிக்கிறார். ஊழுக்குத் தனி அதிகாரம் வகுத்த அதே வள்ளுவர் வறியவனின் பசியை ஊழ் என்று சொல்லிக் கடந்துபோகவில்லை என்பது உரையாசிரியர்களை இடர்ப்படுத்திய செய்தி. நன்கணியார் பழித்தபின் உலகின் இயல்பை உணர்ந்து அதில் இனியதைக் காண்க என்று அமைதி தேடுகிறார். வள்ளுவர் அமைதியும் தேடவில்லை. ஆனால் இருவருமே படைத்தவனைப் படர்க்கையில் வைத்தே பேசுகின்றனர். அவன் பதில் சொல்வான் என்னும் எதிர்பார்ப்பு அங்கில்லை.

முன்னிலையில் நிறுத்தி வழக்காடும் குரல் சுந்தரருடையது. சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் அளித்த சூளுறவை மீறிக் கண்ணிழந்த அவர், காஞ்சியில் இடக்கண் பெற்று, ஆரூர் அடைந்து, வலக்கண்ணுக்காக இறைவனை நேர்நின்று இடித்துரைத்தார். தம் துன்பத்துக்குக் காரணம் தாமே என்று அறிந்த ஒருவர் இவ்வளவு உரிமையோடு சினந்துகொண்டது நட்பின் மொழி. அதனால்தான் அவர் வன்தொண்டர். அவர் வரலாற்றின் தொடக்கமே ஒரு வழக்குத்தான். முதிய அந்தணராக வந்த இறைவன் திருவெண்ணெய்நல்லூர் அவையில் அடிமையோலை காட்டி அவரை வென்றெடுக்கிறார். யோபு நூலிலும் வழக்கு உண்டு, ஆவணம் பற்றிய பேச்சும் உண்டு. முப்பத்தோராம் அதிகாரத்தில் யோபு தம் எதிராளி குற்றப்பத்திரிகையை எழுதித் தரட்டும், அதைத் தோளில் சுமந்து முடியாக அணிந்துகொள்வேன் என்கிறார். சுந்தரர் வழக்கில் ஓலை நீட்டப்படுகிறது; மனிதன் அதைக் கிழிக்கிறான். யோபின் வழக்கில் மனிதன் ஓலையைக் கேட்கிறான், அது வரவேயில்லை. வராததன் காரணம் வாசகருக்குத் தெரியும்: எழுதுவதற்குக் குற்றமில்லை.

அரிச்சந்திரனோடு யோபு உண்மையாகவே ஒன்றுபடும் இடம் இங்கேதான் தெளிவாகிறது. அரிச்சந்திரனுக்கு ஒரே ஒரு பொய் போதும். சொன்னால் நாடு திரும்பும். நண்பர்கள் யோபுக்கு விரிக்கும் வழியும் அதுவே. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள், கடவுளிடம் திரும்பு, கூடாரம் மறுபடி செழிக்கும் என்று சோப்பாரும் எலிப்பாசும் மாறிமாறி வாக்களிக்கின்றனர். பக்தியின் சொற்களில் சுற்றித் தரப்பட்ட பொய் அது. யோபு மறுக்கிறார், கடவுளுக்காகவா பொய் பேசுகிறீர்கள் என்று பதின்மூன்றாம் அதிகாரத்தில் திருப்பிக் கேட்கிறார். பொறுமை குலைந்து கத்தும் யோபே அரிச்சந்திரனுக்கு மிக அருகில் நிற்கிறார். இருவரையும் இணைப்பது பொறுமை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது, இணைப்பது வாய்மை.

நூலின் இறுதித் தீர்ப்பும் இதை உறுதிசெய்கிறது. யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று கடவுள் நண்பர்களைக் கடிகிறார். பழைய மொழிபெயர்ப்பு இங்கே ஆளும் சொல் 'நிதானமானது'. ஐயமற உறுதியான உண்மை என்னும் பொருளில் அது எழுதப்பட்டது. இன்றைய வாசகர் காதில் அது பதற்றமின்மையாக ஒலிக்கிறது. யோபு அமைதியாகப் பேசியதற்காகப் பாராட்டப்பட்டார் என்று தோன்றிவிடுகிறது. நூலிலேயே மிகவும் நிதானமிழந்து பேசியவர் அவரே. கடவுளைப் பாதுகாக்க எழுந்தவர்கள் கண்டிக்கப்படுகின்றனர். கடவுளோடு மல்லாடியவர் அவர்களுக்காகப் பரிந்து வேண்டும்படி ஏற்படுத்தப்படுகிறார். துன்பத்தைப் பற்றிக் கிறித்தவர் பேசும் எந்தப் பேச்சுக்கும் இது முதல் நிபந்தனை.

தன்மையும் முன்னிலையும்

நண்பர் மூவர் ஓய்ந்தபின் எலிகூ என்னும் இளைஞர் எழுந்து ஆறு அதிகாரங்கள் பேசுகிறார். அவர் தரும் விளக்கம் வேறு. துன்பம் பழிவாங்கல் அன்று. படுக்கையில் நோயால் வாட்டி மனிதனைத் திருப்பும் கடவுளின் கல்வி. தமிழ்ச் சமய மரபில் இதற்கு ஒப்பற்ற எடுத்துக்காட்டு உண்டு. சமணராகித் தருமசேனர் எனப் பெயர்பூண்ட மருள்நீக்கியாரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வேன் என்று இறைவன் திலகவதியாருக்கு உரைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். திருவதிகையில் அந்நோயினூடே தோன்றியதே அப்பர் என்னும் குரல். இன்றைய தமிழ்ச் சபைகளில் 'சாட்சி சொல்லுதல்' என்று வழங்கும் வாய்மொழி வகையும் பெரும்பாலும் இந்த வடிவிலேயே அமைகிறது: நோய் வந்தது, மருத்துவர் கைவிட்டார், கடவுளை அறிந்தேன். சமய எல்லை கடந்த ஓர் இலக்கிய வாய்பாடு இது. பெருந்துயரத்துக்குப் பொருள் தந்து பலரை வாழவைத்த வாய்பாடும்கூட.

ஆயினும் கடவுள் எலிகூவைப் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. அந்த மௌனத்துக்குப் பலர் பல விளக்கம் சொல்லியிருக்கின்றனர். தமிழ் இலக்கணத்தின் மூவிடப் பாகுபாடு ஒரு விடையைத் தரக்கூடும். இந்நோய் என்னைத் திருத்த வந்தது என்று அப்பர் தன்மையில் சொல்லும்போது அது அனுபவம், எனவே பாடல். அதே கூற்றை இந்நோய் உன்னைத் திருத்த வந்தது என்று ஒருவர் படுக்கையருகே நின்று முன்னிலையில் சொல்லும்போது அது தீர்ப்பாகிவிடுகிறது. எலிகூவின் சொற்களில் பிழையில்லாதிருக்கலாம். அவற்றைச் சொல்லும் இடம் அவருக்கு உரியதன்று. கடவுள் துன்பத்தின்வழி மனிதரை வளர்க்கிறார் என்று இரெனேயுவின் சிந்தனையிலிருந்து கிளைத்த கருத்தும், தீமை தனக்கென இருப்பற்ற ஒரு குறைபாடே என்ற அகுஸ்தீனின் கருத்தும், 1710இல் இறைநீதி பற்றி நூல் எழுதிய லைப்னிட்சின் வாதமும் இறையியற் கல்லூரிகளில் கற்பிக்கத்தக்கவையே. மருத்துவமனை வராந்தாவில் அவை எந்த இடத்திலிருந்து, யார் வாயால் சொல்லப்படுகின்றன என்பதே முடிவானது.

பெருங்காற்றின் உரை

முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுள் பேசுகிறார். யோபு கேட்ட எதற்கும் அவர் பதில் தரவில்லை. பூமிக்கு அடித்தளமிட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று தொடங்கி, கடலின் கதவுகள், பனியின் களஞ்சியம், மலையாடு ஈனும் காலம், காட்டுக்கழுதையின் விடுதலை, தன் முட்டையை மறந்துபோகும் தீக்குருவி, பிகெமோத், லிவியாதான் என்று படைப்பின் வியப்புகளை விரித்துக்கொண்டே போகிறார். வலியவர் எளியவரை வாயடைக்கும் மிரட்டல் இது என்று கருதியவர்கள் உண்டு. நூலின் ஒரு நுண்செய்தி அதற்கு உடன்படுவதில்லை. மனிதர் எவரும் குடியிராத பாலையில் மழை பெய்வது அங்கே தனித்துக் குறிப்பிடப்படுகிறது. நல்லாருக்காகவே மழை பெய்யும் என்று நம்பும் அறவுலகில் அந்த மழைக்கு இடமில்லை. நண்பர்களின் கணக்கும் யோபின் எதிர்க்கணக்கும் மனிதனின் தகுதியையே உலகின் அச்சாகக் கொண்டவை. அந்த அச்சு இங்கே கழன்றுவிடுகிறது. யாருடைய தகுதிக்கும் கூலியாகாமல் பெய்யும் மழை, தகுதிக்குப் பொருந்தாத துன்பத்தைப் போலவே, ஹின்னாம்.

யோபின் மறுமொழி சுருக்கமானது. அதன் வினைச்சொல் இருபொருள்படுவது. எபிரேய 'நாஹம்' வருந்தித் திரும்புதலையும் ஆறுதலடைதலையும் குறிக்கும். நண்பர்கள் யோபைத் தேற்ற வந்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் சொல்வதும் இவ்வேர்ச்சொல்லாலேயே. ஆகவே புழுதியிலும் சாம்பலிலும் யோபு மனம் வருந்தினார் என்றும், புழுதியும் சாம்பலுமான மனித நிலையில் ஆறுதல் கண்டார் என்றும் படிக்க இடமுண்டு. பழைய மொழிபெயர்ப்பு முதற்பொருளை ஏற்று 'மனஸ்தாபம்' என்று பெயர்த்தது. அச்சொல் இன்று இருவருக்கிடையிலான மனக்கசப்பைக் குறிக்கும்படி மாறிவிட்டதால், ஒரு தற்செயலான நேர்மை விளைந்திருக்கிறது. யோபுக்கும் கடவுளுக்கும் இடையே கசப்பு முற்றும் தீர்ந்துவிடவில்லை என்று இன்றைய வாசகர் அதில் கேட்கக்கூடும். மொழிபெயர்ப்பாளர் எண்ணியது அதுவன்று. ஆயினும் நூலுக்கு அது முற்றும் அயலானதும் அன்று.

யோபு அறியாத மற்றொன்றும் உண்டு. வானுலக அவையில் நடந்ததை எவரும் அவருக்குச் சொல்வதில்லை. அரிச்சந்திரன் கதை முடியுமுன் தேவர்கள் தோன்றுகின்றனர், வாள் மாலையாகிறது, எல்லாம் சோதனை என்று வெளிப்படுகிறது. சிறுத்தொண்டர் வீட்டில் விருந்து கேட்டு வந்த பைரவர் யார் என்பதும் இறுதியில் புலனாகிறது. சீராளன் ஓடி வருகிறான். தமிழ்ச் சோதனைக் கதைகளில் சோதித்தவர் முகங்காட்டாமல் போவதில்லை. யோபின் கடவுளும் முகங்காட்டுகிறார். காரணத்தை மட்டும் காட்டுவதில்லை.

பெருவின் இறையியலாளர் குஸ்தாவோ குத்தியெரெஸ் 1986இல் வெளியிட்ட யோபு நூலாய்வு, இருபத்துநான்காம் அதிகாரத்தை ஒரு திருப்பமாகக் காண்கிறது. தன் துயரை மட்டுமே பேசிய யோபு அங்கே கதிர்க்கட்டைச் சுமந்தும் பசித்திருப்பவர்களையும், ஆலை மிதித்தும் தாகமாயிருப்பவர்களையும் காணத் தொடங்குகிறார். தோட்டக்காடுகளின் நினைவைச் சுமந்துவந்த தமிழ்ச் சமூகங்கள் அவ்வதிகாரத்தை உரைநூலின்றியே விளங்கிக்கொள்ளும்.

கிறித்தவ வாசிப்பு யோபோடு நிற்க முடியாது; அது சிலுவைக்குச் செல்கிறது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) ஜான் பனியனின் பயணக்கதையைத் தழுவியது. பனியனில் சிலுவை வழியோரத்தில் பயணியின் சுமை கழன்று விழும் இடம். வைணவக் குடியில் பிறந்து கம்பனில் தோய்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளையோ அவ்விடத்தில் நின்று இயேசுவின் பாடுகளையே காப்பிய விரிவோடு பாடுகிறார். தழுவலின் அளவை மீறிய இவ்விரிவை இலக்கிய வரலாறுகள் பக்திப்பெருக்கு என்று கடந்துவிடுவதுண்டு. துன்பத்துக்கு விளக்கம் தேடும் பயணிக்கு விளக்கத்துக்கு மாறாகத் துன்புற்றவரின் கதையைத் தருவது கவிஞரின் இறையியல் தெரிவு. நற்செய்திகளும் அவ்வாறே செய்கின்றன. மாற்கு பதிவுசெய்யும் இயேசுவின் கடைசிக் கதறல், ஏன் கைவிட்டீர் என்னும் யோபின் வினாவே. இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கம். அதற்கு வானிலிருந்து குரல் வரவில்லை. அருகில் நின்றவர்கள் எலியாவைக் கூப்பிடுகிறான் என்று பிழையாகக் கேட்டனர். துன்பத்தைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்னும் வினா இங்கே கடவுளின் வாயிலிருந்தே எழுகிறது என்பதே கிறித்தவம் கூட்டிச் சொல்லும் ஒன்று. உயிர்த்தெழுந்தவர் உடலிலும் ஆணித் தழும்புகள் ஆறாமல் இருந்தன என்று யோவான் எழுதுகிறார்.

எண்ணிக்கையில் ஒரு குறை

யோபு நூலின் முடிவுரை பலருக்கு மகிழ்ச்சி தருவது, சிலருக்கு உறுத்துவது. ஏழாயிரம் ஆடுகள் பதினாலாயிரமாயின. மூவாயிரம் ஒட்டகங்கள் ஆறாயிரமாயின. ஐந்நூறு ஏர் மாடுகளும் ஐந்நூறு கழுதைகளும் ஆயிரம் ஆயிரமாயின. நண்பர்கள் முன்னறிவித்த செழிப்பே கடைசியில் வந்துவிட்டதே, அவர்கள் சொன்னதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். எண்களை நின்று பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை. முன்பு ஏழு ஆண்களும் மூன்று பெண்களும். பின்பும் ஏழு ஆண்களும் மூன்று பெண்களும். இறந்த பதின்மரும் கடவுளிடம் உயிரோடிருக்கின்றனர், ஆகவே இருபதின்மர் என்று கணக்கைச் சரிசெய்த உரைகாரர்கள் உண்டு. அன்பு மிகுந்த அவ்வுரைக்கு நூலில் சான்று இல்லை. அரிச்சந்திரனின் மகன் சுடலையிலிருந்து எழுந்தான். சீராளன் பள்ளியிலிருந்து வருபவன்போல் ஓடிவந்தான். யோபின் மூத்த மக்கள் பதின்மர் எழவில்லை. உறவினர்கள் வந்து உண்டு தேற்றியது, எல்லாம் திரும்பியதாகச் சொல்லப்பட்ட அந்த வீட்டில்தான்.

பிற்பிறந்த மூன்று பெண்களுக்கும் பெயர் உண்டு: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். அக்கால வழக்கை மீறி, உடன்பிறந்த ஆண்களோடு அவர்களுக்கும் தந்தை சொத்தில் பங்கு கொடுத்தார். முதலில் இறந்த பதின்மரின் பெயர்களை நூல் எங்கும் குறிக்கவில்லை.